பெட்டி சூடேறட்டும்

பழைய சிந்தசைசர் என்ற மின்னிசைப் பெட்டிகளைச் சேர்க்கும் மனிதரை நீங்கள் பார்த்ததில்லை என்றால் அது உங்கள் முன்னோர் செய்த புண்ணியம். எங்கள் பெர்லினில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், சட்டை கறுப்பு, சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னத் திருப்புளி. விற்பனை நின்று நாற்பது வருஷமான ஏதோ ஒரு பெட்டியின் பெயரை நீங்கள் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டால் உடனே கண்ணில் ஈரம். வீட்டுக்குள் போனால் சுவர் தெரியாது. தரையிலிருந்து கூரை வரை இரும்புத் தாங்கிகள், தாங்கி தோறும் பெட்டிகள், பெட்டி தோறும் குமிழ்கள், குமிழ்களுக்கு நடுவே யாரும் விரல் நீட்டிவிடக் கூடாதே என்ற கவலை, எல்லாம் இருக்கும். பாட்டு மட்டும் இருக்காது.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஹோல்கர் நிட்ஷ்கே நான்காம் மாடி, நான் இரண்டாம் மாடி, கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. புதிதாக ஒரு பழைய பெட்டி வரும்போதெல்லாம் ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனை எனக்கு. அவரிடம் பத்தொன்பது பெட்டிகள் இருக்கின்றன. என் இடுப்புக்கு அத்தனையும் தெரியும்.

இந்த வகை மனிதருக்கு ஒரு மந்திரம் உண்டு: ‘இன்னும் சூடேறல.’ பழைய பெட்டிக்குள் இருக்கும் பாகங்கள் சூடேறினால்தான் சுருதி நிற்கும், அதற்கு நாற்பது நிமிஷம் ஆகும். இது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் நாற்பதாவது நிமிஷம் என்ன நடக்கிறது? காபி. பிறகு ஒட்டகமுடித் தூரிகையால் தூசு தட்டல். பிறகு எங்கோ மெல்லிய இரைச்சல் கேட்கிறது என்று எல்லா வயரையும் கழற்றி மாட்டல். பிறகு ஒரே ஒரு கட்டையை அழுத்தி, ‘பூம்’ என்று ஒரு நீண்ட ஒலி எழுப்பி, கண்ணை மூடி, மெதுவாகத் திறந்து, உங்களைப் பார்த்து, “கேட்டியா?” கேட்டேன் என்று சொல்லிவிட வேண்டும். அதற்குள் மணி ஒன்றாகிவிடும். ஒன்றிலிருந்து மூன்று வரை எங்கள் கட்டிடத்தில் யாரும் சத்தம் போடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்கக் கூடாது. ஆகவே பெட்டியை அணைத்துவிடுவார். மூன்று மணிக்கு மறுபடி சூடேற்ற வேண்டும்.

இவருக்கு எதிர் வகை ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஓரவஞ்சனை என்பீர்கள். ஹோல்கரின் பால்ய நண்பர் டொர்ஸ்டன். பதினெட்டு வருஷத்துக்கு முன்பு தன் பெட்டிகளையெல்லாம் விற்றுவிட்டு ஒரு லேப்டாப் வாங்கியவர். உலகத்தில் உள்ள அத்தனை சிந்தசைசரும் சாஃப்ட்வேராக அதற்குள் இருக்கிறதாம், பதினோராயிரம் ஒலிகளாம். வியாழக்கிழமை தோறும் அந்த லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறி வருவார், மூச்சு வாங்காமல் வந்து நிற்பதையே ஒரு வாதமாக வைப்பார். அவராவது வாசிப்பாரா? முதல் ஒலி பிடிக்காமல் இரண்டாவதுக்குப் போவார், இரண்டாவதிலிருந்து மூன்றாவது. நானூறாவதுக்கு வரும்போது பியர் தீர்ந்துவிடும்.

“இதுக்கு உயிர் இருக்குடா. உன்னோடதுல வெறும் கணக்குதான் இருக்கு” என்பார் ஹோல்கர்.

“உயிர் இருக்குறதாலதான் மாசத்துக்கு ஒரு தடவ ஆஸ்பத்திரிக்குப் போகுது” என்பார் டொர்ஸ்டன்.

பதினெட்டு வருஷமாக இதே வாய்ச்சண்டை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்கள் இருவரும் நன்றாக ஆடத் தெரிந்தவர்கள், ஆனால் கூடத்தை அளந்து முடிக்கவில்லை.

ஆடத் தெரிந்தவர்கள் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. ஹோல்கரின் மகள் வீப்கேவுக்கு நாலு வயதாக இருந்தபோது, வீட்டில் ஒரே ஒரு பெட்டிதான் இருந்த காலத்தில், அவர் அவளுக்காக ஒரு மெட்டுப் போட்டார். பாதி மெட்டு. மீதியை அப்புறம் போடுவதாகச் சொன்னார். எனக்கு அந்தப் பாதி நன்றாகத் தெரியும், வீப்கே படிக்கட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் அதைத்தான் முனகிக்கொண்டு போவாள். முடியாமல் நிற்கிற இடம் எப்போதும் என் வாசலில் வரும். இப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. கல்யாணம் நிச்சயமானதும் நான்காம் மாடிக்கு வந்தாள்.

“அப்பா, எனக்கு வேற எந்தப் பரிசும் வேண்டாம். நான் உள்ள நடந்து வர்றப்ப அந்தப் பாட்ட வாசி. முழுசா.”

மூன்று மாதம் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் உட்கார்ந்து மீதியைப் போட்டிருப்பார்கள். நம் மனிதர் என்ன செய்தார்? அந்த மெட்டுக்குத் தோதான அடிநாதம் தன் பதினேழு பெட்டிகளிலும் இல்லை என்று கண்டுபிடித்து, இன்னும் இரண்டு வாங்கினார். என் இடுப்பு இன்னும் சரியாகவில்லை.

ஆனாலும் மெட்டை வாசிக்கப் போவது பழைய முதல் பெட்டியில்தான் என்று முடிவாயிற்று. அதில் இருபத்தெட்டு குமிழ்கள். பதினோரு வருஷத்துக்கு முன்பு ஒரு பிற்பகலில் அவற்றை ஒரு நிலையில் வைத்தபோது ஒரு ஒலி வந்தது. அன்றிலிருந்து யாரும், அவர் உட்பட, அவற்றைத் திருகியதில்லை. அந்தக் காலத்துப் பெட்டிக்கு நினைவு கிடையாது. குமிழ் எங்கே நிற்கிறதோ அதுதான் ஒலி. ஒரு காகிதத்தில் வரைந்து வைத்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். யாரும் திருகப் போவதில்லை என்றால் எதற்கு வரைய வேண்டும்?

கல்யாண நாளும் வந்தது. எங்கள் வட்டாரப் பதிவு அலுவலகத்தில் ஒரு கல்யாணத்துக்கு இருபது நிமிஷம். எங்களுடையது பதினொன்று இருபதிலிருந்து பதினொன்று நாற்பது வரை. அதற்கு அடுத்த ஜோடி அப்போதே தாழ்வாரத்தில் பூச்செண்டோடு நிற்கும். இருபது நிமிஷக் கல்யாணத்துக்கு நாற்பது நிமிஷம் சூடேறும் பெட்டி. ஹோல்கர் இதற்கும் வழி வைத்திருந்தார். பெட்டியை இறகு மெத்தையில் சுற்றி, அடியில் மூன்று வெந்நீர்ப் பைகள் வைத்து, பிறந்த குழந்தையைக் கொண்டுவருவதுபோல் காரில் கொண்டுவந்தோம். பத்தரைக்கே காத்திருப்பு அறையில் மின்சாரம் கொடுத்தாயிற்று. என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு அவர் காரை நிறுத்த இடம் தேடிப் போனார்.

அங்கே ஏற்கனவே ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் தாயார், ஹேபர்லே அம்மாள். ஸ்வாபியாக்காரர். இந்த வாரம் படிக்கட்டைத் துடைக்கும் முறை யாருக்கு என்று கதவில் அட்டை மாட்டி வைக்கும் ஊரிலிருந்து வந்தவர். எந்த விசேஷத்துக்கும் ஒரு மணி நேரம் முன்னால், கைப்பையில் ஒரு துணியோடு வருபவர். பெட்டியைப் பார்த்தார். தூரிகை நுழையாத இடுக்குகளில் இருந்த பதினோரு வருஷத் தூசைப் பார்த்தார். துணியை எடுத்தார்.

நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சம்பந்தியம்மாள் துடைக்கும்போது குறுக்கே கை நீட்டும் துணிச்சல் எனக்கு இல்லை. வயரைத் தூக்கிக்கூடப் பிடித்தேன். துடைத்து முடித்ததும் அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, இன்னும் ஏதோ குறைகிறதே என்பதுபோல் மறுபடி குனிந்து, இருபத்தெட்டு குமிழ்களையும் ஒவ்வொன்றாகத் திருகி, எல்லாவற்றின் வெள்ளைக் கோடும் நேர் மேலே பார்க்கும்படி வரிசையாக நிறுத்தினார். நான் வாய் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஹோல்கர் உள்ளே வந்தார்.

“வாங்க சம்பந்தி. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் பாத்துக்கிட்டு நின்னுச்சு. இப்பப் பாருங்க, எவ்வளவு ஒழுங்கா இருக்கு.”

ஹோல்கர் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. விரலை எடுக்கப் போகும் நேரத்தில், தூங்கி எழுந்த மாடு மாதிரி ஒரு குரல் மெல்ல மெல்லக் கிளம்பி வந்தது. ஒவ்வொரு ஸ்வரமும் அப்படித்தான், தாமதமாக வந்தது. துள்ளி ஓட வேண்டிய மெட்டு. மணி பதினொன்று பத்து.

அப்போது ஹோல்கர் தன் வாழ்க்கையில் செய்யாத ஒரு காரியம் செய்தார். அதற்குள் லேப்டாப்போடு வந்து சேர்ந்திருந்த டொர்ஸ்டன் பக்கம் திரும்பி, தரையைப் பார்த்துக்கொண்டு, “உன்கிட்ட இது இருக்கா?” என்று கேட்டார். பதினெட்டு வருஷச் சண்டையில் வென்றுவிட்ட டொர்ஸ்டன் அதைக் கொண்டாடக்கூட இல்லை, பாவம், அவசரமாக லேப்டாப்பைத் திறந்தார்.

“இருக்கு. இதே பெட்டிதான், நாலு விதமா இருக்கு. எழுபத்தெட்டுல வந்ததா, எழுபத்தொம்பதுல வந்ததா?”

“எழுபத்தொம்பதா? அது சவசவன்னு இருக்குமேடா.”

அவ்வளவுதான். எழுபத்தொன்பதுக்கு வக்காலத்து வாங்கி டொர்ஸ்டன் பேச, எழுபத்தெட்டின் மகிமையை ஹோல்கர் எடுத்துச் சொல்ல, நாலில் எதுவும் சரியில்லை என்று ஐந்தாவது ஒன்றைத் தேட, தேடிய இடத்தில் இன்னும் அறுபது கிடைக்க, சுவரில் மணி பதினொன்று இருபத்தாறு. உள்ளே பதிவாளர் அம்மாள் தன் கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கதவு திறந்து வீப்கே தலையை நீட்டினாள். பூச்செண்டு, வெள்ளை உடை, நாலு வயதில் இருந்த அதே முகம்.

“அப்பா, நான் இப்ப உள்ள வர்றேன். எது இருக்கோ அத வாசி.”

என்ன செய்வார்? பெட்டியை உள்ளே தூக்கிப்போய் வைத்து மாட்டினோம். ஹோல்கர் வாசித்தார், ஹேபர்லே அம்மாள் நிறுத்திவைத்த நிலையிலேயே. ஒவ்வொரு கட்டையையும் அழுத்திவிட்டு அந்தக் குரல் எழுந்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வந்த பிறகுதான் அடுத்தது. துள்ளி ஓட வேண்டிய மெட்டு நடந்து வந்தது. வீப்கேவும் அதற்கேற்றபடி ஓர் அடி வைத்து, நின்று, அடுத்த அடி வைத்து வந்தாள். வழக்கமான வேகத்தில் வாசித்திருந்தால் அந்தப் பாதி மெட்டு கதவுக்கும் மேசைக்கும் நடுவழியில் அறுந்து நின்றிருக்கும். இப்போது கடைசி ஸ்வரம் மெல்லக் கிளம்பி முழுதாக வந்து சேரவும், அவள் மாப்பிள்ளை பக்கத்தில் போய் உட்காரவும் சரியாக இருந்தது. பாட்டு முடிந்துவிட்டது. இருபத்தைந்து வருஷமாக என் வாசலில் அறுந்த பாட்டு. நான் அழுதேன், சொல்வதில் என்ன வெட்கம். டொர்ஸ்டனும் அழுதார். ஹேபர்லே அம்மாள் அந்தத் துணியை அவரிடம் நீட்டினார்.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா?

மறுநாள் மாலை என்னை மேலே கூப்பிட்டார். பெட்டியைத் துணியால் மூடி, மேலே ‘தொடாதீர்கள்’ என்று அட்டை வைத்திருந்தார். இப்படி ஒரு ஒலி இனி யாருக்கும் கிடைக்காதாம். அதைக் கலைக்கக் கூடாதாம். இருபத்தெட்டு குமிழ்களும் நேர் மேலே பார்த்து நிற்கின்றன, குழந்தைகூட மறுபடி அப்படி வைத்துவிடும் என்றேன். பரிதாபத்தோடு என்னைப் பார்த்தார். ஆகவே மெட்டின் மறுபாதிக்காக அதே வகையில் இன்னொரு பெட்டி டிரெஸ்டன் நகரத்திலிருந்து வருகிறது, சனிக்கிழமை நான் வீட்டில் இருப்பேனா என்று கேட்டார். டொர்ஸ்டன் தன் பதினோராயிரத்தில் அந்த மாட்டுக் குரலைத் தேடிக்கொண்டிருக்கிறார். போன வியாழக்கிழமை வரை இரண்டாயிரத்து சொச்சத்தில் இருந்தார். வீப்கே மசக்கையாக இருக்கிறாள். குழந்தை பிறந்ததும் முழு மெட்டையும் வாசிப்பதாகத் தாத்தா வாக்குக் கொடுத்திருக்கிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நானும் சிரித்துக்கொண்டேதான் படி இறங்கி வந்து, இதை எழுதுவதற்கென்றே போன வருஷம் வாங்கிய மேசையைத் துடைத்து, நல்ல விளக்கு ஒன்று வந்ததும் தொடங்கலாம் என்று படுத்துவிட்டேன். உங்கள் வீட்டில் உறை கழற்றாத வயலின் ஒன்று பீரோமேல் இருக்கலாம். நல்ல நாளுக்காக வைத்த நோட்டுப் புத்தகம், பண்டிகைக்காக வைத்த பீங்கான் தட்டு, நேரம் கிடைக்கும்போது பேசலாம் என்று வைத்திருக்கும் ஓர் ஆளின் நம்பர்கூட இருக்கலாம். எதற்கும் ஒருமுறை எழுந்து போய்த் தொட்டுப் பாருங்கள். எப்போதோ சூடேறியிருக்கும்.