பூட்டு இல்லாத நெட்டும் அப்பாவின் சுக்குக் காப்பியும்

மட்டாஞ்சேரி
21.1.2008, இரவு

அன்புள்ள அத்திம்பேருக்கு மதுவந்தி நமஸ்காரம். இங்கே என்னைத் தவிர எல்லோரும் சௌக்கியம். பெங்களூரில் நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருந்துகொண்டே இதை ரகசியமாகப் படிக்கவும்.

தீபாவளிக்கு நீங்கள் தந்த லினக்ஸ் லேப்டாப்பில் வைரஸ் வராது என்றீர்கள். வாஸ்தவம். நெட்டும் வரவில்லை. கீழே அப்பாவின் மசாலாக் கடையில் ரவுட்டரை வைத்து, அதற்குப் பாஸ்வேர்டு என்று ஒரு பூட்டும் போட்டு, "இந்தப் பூட்டை எடுத்தா வீட்டுக்குப் போலீஸ் வரும்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினீர்கள். நான் பாஸ்வேர்டு கொடுப்பேன், அது சுற்றும், மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கும். டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.ஏ. டூ, டி.கே.ஐ.பி., ஏ.இ.எஸ். என்று மெனுவில் இருந்த பெயர்களையெல்லாம் அர்ச்சனை செய்து பார்த்தேன். அசையவில்லை. பள்ளிக்கூட ப்ராஜெக்டுக்கு இரண்டே நாள். பூட்டைக் கழற்றிப் பார், பிறகு மாட்டிக்கொள் என்று லினக்ஸ்காரர்கள் பேசிக்கொள்ளும் தளத்தில் யாரோ எழுதியிருந்ததைப் பள்ளிக்கூட கம்ப்யூட்டரில் படித்தேன். அப்பா குளிக்கப் போன நேரத்தில் கடைக்குள் போய், ரவுட்டரில் வயரைச் செருகிப் பூட்டைக் கழற்றிவிட்டேன். ஒரே நொடியில் நெட் வந்தது. திரும்பப் பூட்டினால் போய்விடுகிறது. ஆகவே பூட்டவில்லை.

மறுநாள் ஒரு வெள்ளைக்கார மதாம்மா லேப்டாப்போடு வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். அப்பா மரியாதைக்குச் சுக்குக் காப்பி கொடுத்தார். அவள் ஸ்க்ரீனில் தன் அம்மாவைப் பார்த்து அழுதுகொண்டே மூன்று டம்ளர் குடித்தாள். "பாத்தியா கமலாக்ஷி, நம்ம சுக்கு அவ நெஞ்சைத் தொட்டுடுத்து" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அடுத்த வாரம் பதினோரு வெள்ளைக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தும் படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "வாசனைக்கே வரா" என்றார் அப்பா. எதிர் சாயாக்கடை தங்கப்பன் சேட்டனுக்குப் பொறுக்கவில்லை. "சாமி, சத்தியம் சொல்லு, இதில எந்தா கலக்கறே? என் கடையில ஈ கூட வரல்லியே!" என்று கேட்டார். "கைப்புண்ணியமாக்கும் தங்கப்பா" என்று அப்பா சிரித்தார்.

இப்போது மசாலா அரைக்கும் மெஷினை விற்றுவிட்டு இடப்பள்ளியில் சுக்குக் காப்பிக் கடை திறக்கப் போகிறார். அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்து. இடப்பள்ளி வரைக்கும் நம் ரவுட்டர் எட்டாது, அத்திம்பேர்! மெஷினும் இல்லாமல் ஆளும் வராமல் அப்பா அங்கே சுக்கோடு உட்கார்ந்திருப்பார். உண்மையைச் சொன்னால் அவர் மனசு உடையும். சொல்லாவிட்டால் பிழைப்பு போகும். இப்படியே விட்டால் போலீஸ் வரும். நேற்று தபால்காரர் காக்கிச் சட்டையில் வந்ததற்கே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டேன். எந்தப் பூட்டுக்கு லினக்ஸ் இணங்கும், அப்பாவிடம் எப்படிச் சொல்வது, இரண்டுக்கும் உடனே பதில் எழுதவும். ஈமெயில் வேண்டாம், அதை யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம்.

அக்காவுக்கு என் முத்தங்கள். பகவதி உங்களைக் காப்பாளாக, நேரமிருந்தால் என்னையும்.

இப்படிக்கு,
மதுவந்தி

பி.கு.: நான் எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டார். திட்டவில்லை. "அந்தச் சுக்குக் காப்பியை மனுஷன் குடிப்பானோடீ? நானே குடிக்கறதில்லை. மதாம்மா முதல் நாளே நெட்டுக்குத்தான் தேங்க்ஸ் சொன்னா. நீ பயந்துபோய்ப் பூட்டிடுவையோன்னு நான் வாயே திறக்கலை" என்றார். ஆகவே மேலே கேட்டது எதற்கும் பதில் வேண்டாம். இடப்பள்ளிக்கு இன்னொரு ரவுட்டர் அனுப்பச் சொல்கிறார். பூட்டே இல்லாததாகப் பார்த்து.