கோப்பைக்கு அடியில் ஒரு முகம்

ஒரு விஷயத்தை அரைகுறையாகத் தெரிந்துகொண்டவனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. நான் மட்டும் ஒரு கால்மணி நேரம் சும்மா இருந்திருந்தால் இன்றைக்குக் கயத்தாறு வீட்டு மாப்பிள்ளை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. கோவில்பட்டியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ், தொழிற்சாலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சரக்கு விஷயமாகக் காரைக்குடி போன நான், அங்கே பழைய சாமான் கடை வைத்திருந்த நண்பனோடு ஒரு வாரம் தங்கிவிட்டேன். ஜப்பான் பீங்கானை எப்படிப் பார்ப்பது என்று அவன்தான் சொல்லிக்கொடுத்தான். சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும். அடியில் 'நிப்பான்' என்று இருந்தால் ரொம்பப் பழசு, 'மேட் இன் ஜப்பான்' என்றால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. அபூர்வமாகச் சில கோப்பைகளை வெளிச்சத்தில் பிடித்தால் அடிப்பக்கத்தில் ஒரு ஜப்பான்காரியின் முகம் தெரியுமாம். அந்த ரகத்தை அவனே பார்த்ததில்லை. (ஊர் திரும்பும்போது பாதி ஜப்பான் என் பேரில் பட்டா ஆனது போல ஒரு நடை எனக்கு.)

அந்த வருஷம்தான் ஒரு சொந்தக்காரக் கல்யாணப் பந்தியில் ஜெயந்தியைப் பார்த்தேன். பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். எனக்குப் பாயசம் பிடிக்காது, மூன்று தடவை வாங்கிக் குடித்தேன். அதன்பிறகு அம்மாவை விடாமல் நச்சரித்து, ஒருவழியாகக் கயத்தாறுக்குப் பெண் பார்க்கப் போனோம்.

ஜெயந்தியே காப்பி கொண்டுவந்தாள். அவளுடைய தாத்தா கொழும்பிலிருந்து கொண்டுவந்த பீங்கான் கோப்பை, மெல்லிசாக, தங்க விளிம்பு போட்டது. தீப்பெட்டிக்காரன் கையில் எதைக் கொடுத்தாலும் யாருடைய லேபிள் என்று திருப்பிப் பார்ப்பான், அது எங்கள் ஊர் வியாதி. கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கவிழ்த்தேன். மிச்சக் காப்பி புதுச்சட்டையில் இறங்கியது. கதவோரம் நின்ற ஜெயந்தி சிரித்தாள். அந்தச் சிரிப்போடு நான் எழுந்து வந்திருக்கலாம்.

வரவில்லை. கோப்பையைச் சுண்டினேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். அய்யோ, நிஜமாகவே முகம்! கொண்டை போட்ட ஜப்பான்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் எங்கே வந்திருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. ஜெயந்தியின் அப்பா என்ன பார்க்கிறேன் என்று கேட்டதும் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தினேனா?

"முழு செட்டா இருந்தா நல்ல வெலைக்குப் போகும் மாமா. ஆனா இதுல ஒரு கீறல் இருக்கு. அதனால பாதிதான் தேறும்."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள், ரொம்பத் தாமதமாக. ஜெயந்தியின் அப்பா கோப்பையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"தம்பி, எங்க வீட்டுல பொண்ணத்தான் குடுப்போம். சாமான் விக்கிற பழக்கமில்ல. இப்ப ஒங்களுக்கு ரெண்டுமே கெடையாது."

திரும்பும் பஸ்ஸில் அம்மா கரிசல் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். கோவில்பட்டி நெருங்கும்போது என் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, காப்பி நல்லாருக்குன்னு அந்தப் பிள்ளைட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

சொல்லவில்லை. அது எப்படி இருந்தது என்றே தெரியாது, நாக்குதான் வெந்துபோயிருந்ததே. ஜெயந்தி போட்டுக் கொடுத்து நான் குடித்த ஒரே காப்பி. அதன் ருசி தெரியாமல் போனதை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் பெண் பார்க்கப் போகும் இடமெல்லாம், "அண்ணாச்சிக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளர்ல குடுங்க, இல்லன்னா வெல சொல்லிருவாவ" என்று யாராவது எடுத்துக்கொடுப்பார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவள் என் மனைவி சாந்தி.

ஆனால் ஏதாவது கல்யாண வீட்டில் பீங்கான் கோப்பை கைக்கு வந்து, பழக்கதோஷத்தில் நான் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிவிட்டால், அவள் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்பாள்.

"என்ன, தெரியுதாளா?"

"யாரும் தெரியல" என்பேன். அவள் கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிடுவாள்.