குப்புறப் படுத்து எழுதிய பரீட்சை

என் ஆயுளில் நான் தோற்ற ஒரே பரீட்சை, குப்புறப் படுத்துக்கொண்டு எழுதியது. (மூன்றாம் வகுப்போடு நான் நின்றுவிட்டதால் மற்ற பரீட்சைகள் தப்பித்துக்கொண்டன.)

பாவூர்சத்திரம் சந்தையில் வெங்காய மூட்டை தூக்கி, அதே சந்தையில் சொந்த மண்டி போட்டவன் நான். என் கால்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அதனால்தான் மருமகள் கோமதி, வயதானவர்களின் குதிகால் நரம்பை (அவள் பாஷையில் தசைநாண்) ஸ்கேன் வைத்து அளக்கும் ஆராய்ச்சிக்குக் கடைசியாக ஓர் ஆள் வேண்டும் என்றதும், முந்திக்கொண்டேன். "அத்தையும் வரலாமே" என்றாள் கோமதி.

"அவ காலுல என்னம்மா இருக்கு? அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்த காலு!"

என் மனைவி இசக்கி என் காலை ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

விஷயம் எளிது. குப்புறப் படுத்து, பாதத்தால் ஒரு பலகையை மிதிக்க வேண்டும். எவ்வளவு பலம் என்று பலகை சொல்லும். நரம்பு எத்தனை மில்லிமீட்டர் நீளுகிறது என்று திரை காட்டும். கோமதி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "ரெண்டு நாளைக்குக் காலை சும்மா விடுங்க மாமா. மசாஜ் கிசாஜ் கூடாது."

பந்தயக் காளையை யாராவது சும்மா விடுவார்களா? பரீட்சை அன்று காலையிலேயே குற்றாலம் ஐந்தருவிக்குப் போய் எண்ணெய் தேய்ப்பவரிடம் காலை நீட்டினேன்.

"அண்ணாச்சி, இது காலா, தேக்குத் தடியா?" என்றார் அவர். (கூடுதலாக ஒரு கிண்ணம் எண்ணெய்க்குச் சம்மதித்தேன்.)

அருவியில் சோப்பு, சீயக்காய் போடத் தடை. எண்ணெய் என்னோடே தென்காசியில் கோமதியின் ஆராய்ச்சி அறைக்கு வந்தது.

அங்கே கோமதி என் காலில் ஒட்டிய டேப் நிற்கவில்லை. "வேர்க்குதா மாமா?"

"உழைச்ச உடம்பும்மா, வேர்க்கத்தான் செய்யும்."

ஸ்கேன் கருவியைக் கெண்டைக்காலில் பெல்ட்டால் இறுக்கினாள். "மெதுவா... மெதுவா மிதிங்க."

மெதுவாக மிதித்து எனக்குப் பழக்கமில்லை. ஒரே மிதி! பாதம், பலகையோடு கட்டியிருந்த வாரை விட்டு விலாங்கு மீனாய் வழுக்கிப் போனது. ஜெல் பாட்டில் சுவரில் மோதியது. பறந்த கருவியைக் கோமதி பாய்ந்து பிடித்தாள். நான் பிடித்தது குரக்குவலி. கெண்டைக்கால் பந்தாகச் சுருண்டு, "ஐயோ, அம்மா!" என்று நான் போட்ட கூச்சலில் துணைக்கு வந்து வெளியே உட்கார்ந்திருந்த இசக்கி ஓடிவந்தாள்.

கோமதி மூக்கைச் சுளித்தாள். "மாமா, நல்லெண்ணெய் வாசம் வருது."

தலையணைக்குள் முகத்தைப் புதைத்தேன்.

"ஆறு மணிக்கு மிஷினைத் திருப்பிக் கொடுக்கணும். ஒரு ஆள் குறைஞ்சா ஆறு மாச வேலையும் அரைகுறையா நிக்கும்." அவள் குரல் உடைந்துவிட்டது. என் பெருமையெல்லாம் அங்கேயே வடிந்தது.

"ஏட்டி, எதுக்கு அழுத? என் காலு இருக்குல்லா?" இசக்கி சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீங்க எறங்குங்க. வழுக்கிறாம எறங்குங்க."

படுத்தாள். சொன்னபடி மெதுவாக மிதித்தாள். திரையில் கோடு சீராக ஏறியது. கோமதி வாயைப் பிளந்தாள்: "அத்தை, இதுவரைக்கும் அளந்ததுல இதுதான் உறுதியான நரம்பு!"

"அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்த காலுல்லா," என்றாள் இசக்கி.

இன்றும் கேஸ் சிலிண்டர் வந்து நான் தூக்கக் கை வைத்தால், வீடே இசக்கியைக் காட்டி "அளந்த காலைக் கூப்பிடுங்க!" என்று கத்துகிறது. கத்தட்டும். கோமதியின் படிவத்தில் இப்போது புதிதாக ஒரு வரி இருக்கிறது: "எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரக் கூடாது." மூன்றாம் வகுப்புக்காரன் ஒருவனால் ஆராய்ச்சிக்கே ஒரு சட்டம் வந்திருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

சொல்லும்போதெல்லாம் இசக்கி குனிந்து என் காலைப் பார்த்து, "தொடச்சாச்சா?" என்று கேட்கிறாள்.