ஓமில்லை அன்ரியும் மரச்சோடியும்

சிட்னியிலேயே பொய் சொல்ல வராத ஒரே ஆள் ஓமில்லை அன்ரிதான். நாங்களெல்லாம் ஊருக்குப் போன் எடுத்தவுடனேயே 'சுகமா இருக்கிறம்' என்று தொடங்குகிறவர்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். நாலு நாடு சுற்றி, வில்லாவுட் தடுப்பு முகாமில் கிடந்து, வெளியே வந்ததும் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். இரத்தப் படுக்கை விரிப்புகளுக்கிடையே ஒருநாள் பல்செட் வரும், ஒருநாள் கத்தரிக்கோல் வரும். அங்கேதான் அன்ரியும் வேலை செய்தார்.

அவர் ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட் நாட்டின் வடக்குப் பகுதியைச் சேர்ந்த செனுஃபோ இனத்தவர். தாய்வழியாகக் குறி பார்க்கும் குடும்பம். சாப்பாட்டுப் பையில் சோற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில் சாண் உயரத்தில் மரத்தில் செதுக்கிய பொம்மைச் சோடி, ஓர் ஆணும் ஒரு பெண்ணும், இருப்பார்கள். பூச்சி இருக்கும் என்று விமான நிலையத்தில் இருவருக்கும் புகையடித்தார்களாம். அன்றிலிருந்து ஆணுக்குத் தும்மல் என்பார்.

மதிய இடைவேளையில் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, குறி கேட்க வந்தவரின் கையைத் தன் கையில் பிடித்து, மரச்சோடி வழியாக ஆவிகளிடம் கேட்பார். இரண்டு கையும் சேர்ந்து அவர் தொடையில் அடித்தால் ஆம். வெறுமனே ஆடினால் இல்லை. மற்றப் பேச்செல்லாம் ஆங்கிலம்தான்; தீர்ப்பு மட்டும் எங்களிடம் கற்ற இரண்டே தமிழ்ச் சொற்களில் வரும்: "ஓம்!" "இல்லை!"

வந்தவர் வாய் திறக்கக்கூடாது. என்ன பிரச்சினை என்பதையும் மரமே கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இது விளங்காது. உட்கார்ந்ததும் நட்சத்திரம் சொல்வார்கள். "நான் உன்னையா கேட்டேன்?" என்று அன்ரி ஆங்கிலத்தில் அதட்டுவார்.

விசாவுக்குக் காத்திருந்த ஒருவருக்கு ஒருமுறை தொடை அதிர "ஓம்! ஓம்!" என்றார். நாங்கள் கைதட்டினோம்.

"விசா இல்லை. வயிறு. புண்" என்றார் அன்ரி.

டாக்டரும் அதையே சொன்னார்.

என் அறைத்தோழன் சிவம் அண்ணையின் தம்பி, அண்ணைக்குப் பின்னால் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட படகில் ஏறியவன். அதன்பின் தகவல் இல்லை. "கேம்பில இருக்கிறான் அம்மா, போன் குடுக்கினம் இல்லை" என்று வவுனியாவிலிருந்த தாயிடம் வருடக்கணக்காகச் சொல்லிவந்தார். இப்போது தாய்க்குச் சர்க்கரையால் கால் அழுகிவிட்டது. வெட்டாவிட்டால் உயிர் போகும். தாயோ, "சின்னவன்ர குரலைக் கேட்டாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவன்" என்றுவிட்டார்.

"நீ அவன் மாதிரிக் கதைப்பியோ?" என்று அண்ணை என்னைக் கேட்டார். ஒப்புக்கொண்டேன். அவனுக்குக் கொஞ்சம் திக்கும் என்றார். திக்கிப் பழகினேன்.

ஆனாலும் அவருக்கு ஒரு நப்பாசை. அன்ரியிடம் போய் உட்கார்ந்தார்.

"தம்பி?" என்று அன்ரி மரச்சோடியைக் கேட்டார். கை தொடையில் அடித்தது. "ஓம்."

"தண்ணீர்?" "ஓம்."

"உயிர்?" கை வெறுமனே ஆடியது. மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஆடியது. அன்ரி தலை குனிந்தார். "இல்லை."

"சூனியக்காரி!" அண்ணை மரச்சோடியை எட்டி உதைத்தார். இரண்டும் உருண்டு ஈரத்துணிக் கூடைக்குள் விழுந்தன. அதன்பிறகு எங்களில் ஒருவரும் அன்ரியோடு சாப்பிடவில்லை. நானுந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணை போன் எடுத்தார். நான் தொண்டையைச் செருமித் தயாரானேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு போனைத் தன் பக்கம் திருப்பினார்.

"அம்மா... தம்பி வந்து சேரேல்லை அம்மா. கடலிலயே போயிட்டான்."



"இவ்வளவு காலமும் இதைத் தனியவோடா வைச்சிருந்தனி?" என்றார் தாய்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு காலோடு வீடு திரும்பினார்.

தம்பிக்கு அந்தியேட்டி என்ற ஈமக் கிரியை செய்த மறுநாள், அண்ணை வடை கொண்டுவந்து மர ஆணின் முன்னால் வைத்தார். அன்ரி அதை எடுத்துப் பெண்ணின் முன்னால் வைத்தார்.

"முதலில் பெண்" என்றார் கண்டிப்பாக.

"மன்னிக்கோணும் அன்ரி."

நான் என் கதிரையை இழுத்துக்கொண்டு போய் அன்ரிக்குப் பக்கத்தில் போட்டேன். அந்த வேலையில் இருந்தவரை வேறெங்கும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.