நிமிடத்துக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு சுற்று

என் மாமனாரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் ஒரு பொம்மைப் படகை எடுத்துக்கொண்டு போனேன். இந்த வாக்கியத்தை நாலைந்து விதமாக மாற்றி எழுதிப் பார்த்துவிட்டேன். எப்படி எழுதினாலும் இதைவிட கௌரவமாக வரவில்லை.

பொம்மை என்று என் மனைவி சுமதி சொல்வாள். நான் கோபித்துக்கொள்வேன். மூன்றடி நீளம், ரிமோட்டில் ஓடுவது, உள்ளே புல் வெட்டும் மெஷினின் பெட்ரோல் எஞ்சின். (அப்போது எனக்கு வயது நாற்பத்தெட்டு. வேங்கிக்காலில் அரசாங்க உத்தியோகம். என் கையெழுத்துக்காக ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள்.)

இந்த மாதிரிப் படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. அதில் ஒருநாள் நான் பெருமையடித்துக்கொண்டேன். எஞ்சினின் சக்கரத்தில் வெள்ளை டேப் ஒட்டி, அதன்மேல் ஒளியடித்து எண்ணும் மீட்டரால் அளந்தேன், நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரத்து முந்நூறு சுற்று என்று. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் பதில் போட்டார்: "ஸ்டாண்டுல வெச்சு அளந்தது காத்துல சுத்துனதுங்க. தண்ணியில ஓடும்போது எவ்வளவுங்க?"

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. தண்ணீரில் படகைத் தள்ளும் விசிறிக்குப் பாரம் ஜாஸ்தி, சுற்று கம்மியாகும். எவ்வளவு கம்மி? ஓடுகிற படகுக்குப் பக்கத்தில் மீட்டரைப் பிடிக்க முடியாது. ஒரே வழி, சத்தம். இந்த வகை எஞ்சினில் ஒரு சுற்றுக்கு ஒரு வெடி. படகைக் கயிற்றில் கட்டி, தண்ணீரில் முழு வேகத்தில் இழுக்கவிட்டு, அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்ய வேண்டும். விநாடிக்கு எத்தனை வெடி என்று கண்டுபிடித்து அறுபதால் பெருக்கினால் விடை. ஆனால் சுற்றிலும் அமைதி வேண்டும். திருவண்ணாமலையில் அமைதி தேடி உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் வருகிற வண்டிகளின் ஹாரனில் எனக்கு அரை நிமிடம் கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமனார் காலமானார்.

அவர் அடி அண்ணாமலையில் விவசாயம் பார்த்தவர். மகன் முரளி ஓசூரில் தனக்குப் பிடித்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து எட்டு வருஷம் அவனோடு பேசவில்லை. மாரடைப்பு என்று தகவல் போய், முரளி பஸ்ஸில் செங்கம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. அந்தப் பதினாறு நாளும் அவன் யாரோடும் சரியாகப் பேசவில்லை. காரியத்தன்று காலை ஏரிக்கரையில் தலையை மழிக்கக் கொடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா, காக்கா எடுக்குமா?"

"எடுக்கும்டா. ஏன் எடுக்காம?"

"எடுத்துதுன்னா அப்பா என்னை மன்னிச்சிட்டாருனு வெச்சுக்குவேன். இல்லன்னா..." கத்தி காதுப் பக்கம் வந்ததால் நிறுத்திக்கொண்டான்.

உருப்படியான மனிதன் யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே நின்றிருப்பான். நான் என்ன செய்தேன் என்றால், ஏரியைப் பார்த்தேன். கரை நிறையத் தண்ணீர். காற்றில்லை. துக்க வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் குரல் எழுப்பாமல் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு அமைதி இனி எப்போது கிடைக்கும் என்று தோன்றியது. (தோன்றியதை அப்படியே எழுதுகிறேன். என்னைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை.) பிண்டம் வைக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று ஐயர் சொல்லியிருந்தார். படகு கார் டிக்கியில், சாக்குப்பைக்குள் இருந்தது. அது தற்செயலாக அங்கே இருந்தது என்று பிற்பாடு சொன்னேன். சுமதி நம்பவில்லை.

"எங்கங்க போறீங்க?" என்றாள்.

"சும்மா, காத்தாட."

கரை ஒரு திருப்பம் திரும்பும். அதைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது. எஞ்சின் பக்கத்தில் போனை வைத்தால் பதிவில் சத்தம் உடைந்து கரகரக்கும் என்பதால் திருப்பத்திலேயே ஒரு கல்மேல் வைத்துப் பதிவைத் தொடங்கிவிட்டு வந்தேன். படகை நைலான் கயிற்றால் ஒரு வேருடன் கட்டினேன். நாலாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. ரிமோட்டில் முழு வேகம் கொடுத்தேன். அரை நிமிடம் அற்புதமாக இழுத்தது.

பிறகு முடிச்சு அவிழ்ந்தது.

ரிமோட்டில் வேகத்தைக் குறைத்தேன். குறையவில்லை. பேட்டரியை முந்தின நாள் சார்ஜ் போட்டிருக்க வேண்டும்; முந்தின நாள் காரியத்துக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தேன். ரிமோட் செத்தால் எஞ்சினைத் தானாக அடக்க ஓர் ஏற்பாடு உண்டு. அதை முதலில் செய்துவிட்டுத்தான் படகைத் தண்ணீரில் இறக்க வேண்டும் என்று கையேட்டின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் மூன்றாம் பக்கத்திலிருந்து படித்தவன். படகு வாலில் கயிற்றோடு நடு ஏரிக்குப் போனது. கயிறு ஒரு பக்கமாக இழுத்ததால் அங்கேயே வட்டமடிக்க ஆரம்பித்தது. எந்த இடத்தில் என்றால், சரியாக என் மாமனார் குடும்பத்துக்கு நேர் எதிரே.

நான் கரையோடு ஓடினேன். போய்ப் பார்த்தால் இலையில் பிண்டம் வைத்தாகிவிட்டது. ஐயருக்கு வேங்கிக்காலில் அடுத்த காரியம் இருந்ததால் முன்னாலேயே நடத்திவிட்டார். முரளி ஈர வேட்டியோடு கைகூப்பி நின்றிருந்தான். கரைப் பனைமரத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த காக்கைகளில் ஒன்றுகூட இல்லை.

மாமனாரின் தம்பி, பெரிய மீசைக்காரர், ஏரியைப் பார்த்துக் கத்தினார்: "எவன்டா அவன்? சாவு காரியம் நடக்குது, மோட்டார் வுடறான்! கையில கெடைச்சான்னா காலை ஒடச்சிடுவேன்!"

இந்தக் கட்டுரையில் நான் எழுத விரும்பாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். ரிமோட்டைத் துண்டுக்குள் சுற்றி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, கூட்டத்தோடு சேர்ந்து நானும் சொன்னேன்:

"அதானே! எவன் அவன்? கொஞ்சம்கூட விவஸ்தை இல்லாம!"

சுமதி என் பின்னால் நின்றிருந்தாள். துண்டுக்கு வெளியே ஓரடி ஆண்டெனா நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். மீசைக்காரர் என் காலைப் பார்த்தார். நான் மாப்பிள்ளை என்பது ஞாபகம் வந்து, காறித் துப்பிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

பெட்ரோல் தீர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. (தொட்டியைப் பெரிதாக மாற்றியது நான்தான்.) அதுவரை ஏரியில் அது சுற்றியது, கரையில் என்னைப் பார்த்தார்கள். நின்ற பிறகும் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். முரளி "கா... கா..." என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் போய்விட்டது. ஒரு காக்கைகூட வரவில்லை. கடைசியில் ஐயர் பிண்டத்தைத் தண்ணீரில் விடச் சொன்னார்.

"என் படகாலதான்டா," என்றேன்.

முரளி தலையை ஆட்டினான். "இல்ல மாமா. நான் கண்ணை மூடினு இருந்தேன். றெக்கை சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் உங்க மோட்டாரு. அவரு வந்தாரு. என் மூஞ்சைப் பாத்தாரு. போயிட்டாரு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் என்னை மன்னித்துவிட்டான். அன்று ராத்திரி சாப்பிடவில்லை, மறுநாளும் இல்லை. மூலையில் உட்கார்ந்து மழித்த தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். வீட்டிலும் இரண்டு கட்சி ஆகிவிட்டது. மாப்பிள்ளையால்தான் என்று பாதிப் பேர். பெரியவருக்கு மனசு ஆறவில்லை, பாவம் மாப்பிள்ளை மேல் பழி என்று மீதிப் பேர். இரண்டாவது கட்சி எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள்தான் போனிலிருந்த பதிவைத் திறந்தேன். சுற்று எண்ணத்தான் திறந்தேன், வேறு புனிதமான நோக்கம் எதுவும் இல்லை. ஹெட்போனில் முதலில் தவளை. பிறகு தூரத்தில் ஐயரின் மந்திரம். முரளியின் குரல், "கா... கா..." காக்கைகளின் பதில், கிட்டே கிட்டே வருகிறது. அத்தையின் (என் மாமியார்) குரல்: "எறங்குது பாரு, எறங்குது." அதற்கப்புறம் என் எஞ்சின். அதற்கும் அப்புறம், ஒன்றரை விநாடி கழித்து, படபடவென்று சிறகுகள்.

நாலு முறை அளந்தேன். ஒன்றரை விநாடி.

பதிவை அழித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்ததை மறைப்பதற்கில்லை. அதைப் போட்டுக் காட்டினால் இரண்டாவது கட்சி அன்றோடு கலைந்துவிடும். ஹெட்போனைக் கொண்டுபோய் முரளியின் காதில் மாட்டினேன்.

கேட்டான். "திருப்பிப் போடுங்க மாமா." போட்டேன். "மோட்டார்கிட்ட நிறுத்துங்க." நிறுத்தினேன். ஏழெட்டு முறை அந்த இடம் வரைக்கும் கேட்டான். பிறகு அதைக் கழற்றிவிட்டு, பதினெட்டு நாளில் முதன்முறையாக, வாய்விட்டு அழுதான். அழுது முடித்து அடுக்களையைப் பார்த்து, "அம்மா, சோறு இருக்கா?" என்றான். சாப்பிட்டுக்கொண்டே, ஆற அமர, என்னை அரை மணி நேரம் திட்டினான். எங்கள் வட்டாரத்தில் ஒரு மச்சான் மாமாவைத் திட்டக்கூடாத வார்த்தைகள் அதில் பலவும் இருந்தன. அத்தை குறுக்கே வராமல் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சத்தம் விநாடிக்கு நூற்றி அறுபது வெடி. அறுபதால் பெருக்கினால் ஒன்பதாயிரத்து அறுநூறு. குழுவில் போடவில்லை.

அடுத்த அமாவாசைக்கு அத்தை மாடிச் சுவரில் சோறு வைத்துக் கூப்பிட்டாள். எதிர் வீட்டுத் தண்ணித் தொட்டியில் ஒரு காக்கை உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததே தவிர வரவில்லை. நான் மாடிப்படியில் நின்றிருப்பது அத்தைக்குத் தெரியும். திரும்பிக்கூடப் பார்க்காமல் காக்கையிடம் சொன்னாள்:

"பயப்படாம வாங்க. மாப்ள ஆபீஸ் போயிட்டாரு."