பெரியப்பாவின் பெட்டியும் என் பெட்டியும்

தாழ்வுபாடு,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்புள்ள மகன் றொட்னிக்கு, அப்பா சிங்கராசா எழுதிக்கொள்வது. கனடாவில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் மாதாவின் காவலில் சுகமாயிருப்பீர்களாக. நான் சுகம் என்று எழுதினால் பொய், சுகமில்லை என்று எழுதினால் நீ பயந்துபோவாய், ஆகவே இருக்கிறேன். போனில் சொல்லலாம்தான், அதில் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று சொல்லிக்கொண்டு வேறு வேலை பார்க்கிறாய்.

விசயம் என்னவென்றால், புயல் கறண்ட் லைனை அறுத்த பிறகு எனக்கும் அடுத்த வீட்டுப் பெரியப்பாவுக்கும் நீ வந்து பூட்டித் தந்த சோலர்ப் பெட்டிகள் இரண்டும் படுத்துவிட்டன. ஒன்றுக்கொன்று கைகொடுக்கட்டும் என்று ஒரே வயரில் இணைத்தாய், நல்லது. என் பெட்டியின் சுவிச்சை 'உள்' என்று வைத்தாய், அது தனக்குள் இருக்கிற மணிக்கூட்டின் தாளத்துக்கு ஓடும். அவருடையதை 'வெளி' என்று வைத்தாய், அது என் பெட்டியின் மணியைக் கேட்டு ஓடும். இதை ஏன் ராசா அவருக்கு விளங்கப்படுத்தினாய்? உன் அம்மா செத்த முப்பத்தோராம் நாள் நினைவுச் சாப்பாட்டில் உப்புக் கூட என்று அவர் சொல்ல, சமைத்த எனக்குக் கோபம் வர, அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் முகம் பார்ப்பதில்லை என்று உனக்குத் தெரியாதா? "இளையவன்ரை மணிக்கு நான் ஓடுறதோ?" என்று மனுசன் தன் சுவிச்சையும் 'உள்'ளுக்குத் திருப்பிவிட்டார். இரண்டும் தன்பாட்டுக்கு ஓட வெளிக்கிட்டு, கீய் கீய் என்று கத்தி, நின்றுபோயின. சரி, மூத்தவர்தானே என்று நான் என்னுடையதை 'வெளி'க்குத் திருப்பினேன். அதே பின்னேரம் அவரும் மனம் கேட்காமல் தன்னுடையதை 'வெளி'க்குத் திருப்பியிருக்கிறார்! எடித் பெரியம்மா கோயிலில் வைத்துச் சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் திரும்ப 'உள்'ளுக்கு வைக்க, அவரும் வைத்துவிடுவாரோ என்ற பயத்தில் தொடவில்லை. இப்போது அது தொடங்கட்டும் என்று இதுவும், இது தொடங்கட்டும் என்று அதுவும் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஃபான் இல்லை. பிரிட்ஜில் வைத்த பாரை மீன் நாறியதில் ஊர்க் கழுதைகள்கூட வாசலுக்கு வருவதில்லை. வந்தால் அவற்றோடாவது நாலு வார்த்தை கதைப்பேன். டீவியும் ஊமையாய்ப் போன வீட்டில் என் குரலை நானே கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் இருப்பது, மகன்? அம்மா இருந்தால் என்னை ஏசவாவது ஒரு ஆள் இருந்திருக்கும். தனிமை பொல்லாதது, தாங்க ஏலாமல் கிடக்கு.

ஆகையால் உடனே மன்னார் ரவுணிலிருந்து ஆளை அனுப்பி, வயரை வெட்டி, எங்கள் இரண்டு பேரையும் வேறாக்கி விடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

பேரப்பிள்ளைகளின் நெற்றியில் என் பேரால் ஒரு சிலுவை போட்டுவிடு.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: ஆளை அனுப்பாதே. கடிதத்தை ஒட்டப்போன நேரம் வேலிக்கு மேலால் பெரியப்பாவின் தலை தெரிந்தது. "டேய் சிங்கராசா, உன்ரை சுவிச்சை உள்ளுக்குத் திருப்பன்ரா!" என்று கத்தினார். எனக்குக் கண் கலங்கிப் போச்சு. "எனக்கு அந்த வேலை விளங்காது அண்ணை, நீங்கள் வந்து பாருங்கோ" என்றேன். வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தேத்தண்ணி குடித்து, அம்மாவைப் பற்றிக் கதைத்து முடியப் பொழுதுபட்டுவிட்டது. இருட்டில் சுவிச் தெரியவில்லையாம், நாளைக்கு வாறாராம். நாளைக்கும் எனக்கு அது விளங்காது, மகன்.