ஒரு டி.வி., இரண்டு பெட்டி, மூன்று பிரிவு

சான்றிதழ் அலுவலகத்தின் காத்திருப்புக் கூடத்தில் ஒரு டி.வி. இருந்தது. பொதுமக்கள் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று மேலிடம் ஆணையிட்டபோது, அதன்மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கை அது. நேரம் குறையவில்லை; ஆனால் குறைந்த மாதிரி இருக்கிறது என்று பொதுமக்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு கேபிள் பெட்டியும் இணைக்கப்பட்டு, யானைகளைப் பற்றிய நிகழ்ச்சி சிறப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

இந்நிலையில் மேலிடத்திலிருந்து ஒரு டி.வி.டி.யும், அதைப் போட ஒரு பிளேயரும், ஒரு கடிதமும் வந்தன. படத்தின் பெயர் ‘புன்னகையுடன் சேவை’. வெள்ளிக்கிழமைக்குள் ஊழியருக்கும் பொதுமக்களுக்கும் அதைக் காட்டி அறிக்கை அனுப்ப வேண்டும். தவறினால் அலுவலகக் கண்காணிப்பாளர் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கண்காணிப்பாளர் டி.வி.க்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்றே மூன்று துளை. மூன்றிலும் கேபிள் பெட்டியின் வயர்.

“அதைப் பிடுங்கிட்டு இதைச் சொருகலாமே சார்?” என்றார் தட்டச்சர்.

கண்காணிப்பாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “டி.வி. எந்தப் பிரிவோடது?”

“பண்டகப் பிரிவு சார்.”

“கேபிள் பெட்டி?”

“மக்கள் தொடர்புப் பிரிவு.”

“பிளேயர்?”

“பயிற்சிப் பிரிவு.”

“வயர்?”

தட்டச்சர் தலையைச் சொறிந்தார். “அது எந்தப் பிரிவுலயும் இல்ல சார்.”

“அப்போ அதைத் தொட யாருக்கு அதிகாரம்?”

யாருக்கும் இல்லை. உடனே மூன்று பிரிவுத் தலைவர்களும் அடங்கிய இணைப்பு ஆய்வுக் குழு அமைக்கப்பட்டு, டி.வி.க்கு எதிரிலேயே கூடியது. கவுன்ட்டர்கள் மூடப்பட்டன. ‘புன்னகையுடன் சேவை தொடர்பான பணி நடைபெறுவதால் இன்று சேவை இல்லை’ என்று ஓர் அட்டை தொங்கியது.

கூடத்தில் காத்திருந்த ஒரு தையல்காரம்மா அதைப் படித்துவிட்டு எழுந்து நின்றார். அவர் பதினோரு நாளாக நடையாய் நடக்கிறார். மகளின் பிறப்புச் சான்றிதழில் ‘ஆண்’ என்று அடித்து வைத்திருந்தார்கள். மகளிர் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. திருத்திய சான்றிதழைக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். சட்டப்படி ஆணாக இருந்த அந்தப் பெண், பையை மடியில் வைத்துக்கொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“சார், ஒரே ஒரு கையெழுத்து…” என்று தையல்காரம்மா குழுவை நெருங்கினார்.

“கூட்டம் நடக்குது, கண்ணு தெரியலையாம்மா?”

குழு ஆழ்ந்து விவாதித்தது. பெட்டியைப் பிடுங்கினால் மக்கள் தொடர்பே அறுந்துவிடும் என்றார் மக்கள் தொடர்புத் தலைவர். இன்னொரு டி.வி. கேட்டு எழுதலாம், இரண்டு வருடத்தில் வந்துவிடும் என்றார் பண்டகத் தலைவர்.

“படமே வேண்டாம். அதுல உள்ளதை நானே சிரிச்சுக்கிட்டு சொல்லிடறேன்” என்றார் பயிற்சித் தலைவர்.

“நீங்க சிரிச்சு யார் பார்த்திருக்கா?” என்றார் பண்டகத் தலைவர். அதில் அரைமணி நேரம் போயிற்று.

தையல்காரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. “எங்க கடையிலயும் இதே டி.வி.தான் சார். ரெண்டையும் மாட்டியிருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். கேபிள் பெட்டியின் மூன்று வயரைக் கழற்றினார். பெட்டியின் பின்னால் சும்மா தொங்கிய ஒரு தடித்த வயரை எடுத்து டி.வி.யின் ஆன்டெனா துளையில் திருகினார். காலியான மூன்று துளையில் பிளேயரை மாட்டினார். “நூலுக்கு நூல் கலர் பார்க்கிற மாதிரிதான். மஞ்சளுக்கு மஞ்சள், சிவப்புக்கு சிவப்பு. ரிமோட்ல மாத்தினா யானை, திரும்ப மாத்தினா படம்.”

நான்கே நிமிடம். திரையில் கோட்டுப் போட்ட ஒருவர் தோன்றி, “உங்களைத் தேடி வருபவரே உங்கள் எஜமானர்” என்றார். கூடமே கைதட்டியது.

கண்காணிப்பாளருக்கு மட்டும் வியர்த்தது. “இணைத்தவர் பெயர், பதவின்னு அறிக்கையில ஒரு கட்டம் இருக்கு. இந்தம்மாவுக்குப் பதவியே இல்லையே!”

பதவி இல்லாதவர் இணைத்தால் அது இணைப்பே ஆகாது. இணைப்பு ஆகாவிட்டால் படம் ஓடியதும் ஆகாது. குழு பதறிப்போய், அன்றைய தேதிக்கே தையல்காரம்மாவைத் தற்காலிகத் தொழில்நுட்ப ஆலோசகராக நியமித்தது. ஒரு மேசையும் சுழல் நாற்காலியும் வழங்கப்பட்டன.

“ஆலோசகர் சொன்னா கேப்பீங்களா?” என்று அவர் கேட்டார்.

“கேட்டுத்தானே ஆகணும் மேடம்.”

“அப்போ என் முதல் ஆலோசனை. அந்தப் பச்சை ஃபைலை எடுங்க. என் பொண்ணைப் பொண்ணாக்குங்க.”

பதினோரு நாள் ஆகாத கையெழுத்து பதினோரு விநாடியில் விழுந்தது. மகள் சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டு கல்லூரிக்கு ஓடினாள். தையல்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். அது மெல்லச் சுழன்றது. இன்னொரு முறை சுழன்று பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

இதைப் பார்த்த கூடம் மொத்தமும் மேசையைச் சூழ்ந்துகொண்டது. முன்னால் நின்ற பெரியவர் கைகூப்பினார். “தாயி, நான் பதினாறு நாளா அலையுறேன். நீங்களும் எங்களோட அலைஞ்சவங்கதானே. என் ஃபைலையும் கொஞ்சம் பாருங்க.”

ஆலோசகர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று பத்து.

“இப்படி மொத்தமா வந்து நின்னா எப்படி? சாப்பாட்டு நேரம் முடிஞ்சு வாங்க” என்றார்.

யாரும் முணுமுணுக்கவில்லை. பெரியவர் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவரிடம் பூரிப்போடு சொன்னார்:

“பார்த்தீங்களா, என்ன கண்டிப்பு! நம்மள்ல ஒருத்தர் அதிகாரியா வந்தா அந்த மிடுக்கே தனிதான்.”